சுமைகூலி

பியூட் நகரத்துப் பிப்ரவரி.
சமையலறைத் தராசில் ஒரு சென்ட்டை வைக்கிறேன்.
1919. கோதுமைக் கதிர் இரண்டும் தேய்ந்தவை,
ஆனாலும் கோடுகளை எண்ணலாம்.
மூன்று கிராம்.
இனி அதற்கு உடுத்திவிடுகிறேன்:
மெல்லிய பிளாஸ்டிக் உறை, அட்டை இரண்டு, டேப்,
குமிழ்த்தாள் வைத்த கவர்.
இருபத்தொரு கிராம்.
மாப்பிள்ளையை விட மாலை கனம்.

விலை ஒரு டாலர் அறுபது.
அனுப்பும் செலவு ஐந்து நாற்பது.
காசு கால் பணம், கூலி முக்கால் பணம் என்று
திரையைப் பார்த்து யாராவது முணுமுணுப்பார்கள்.
நானும் முணுமுணுத்துக்கொண்டேதான் போடுகிறேன்.

ஸ்போகேனில் ஒருவர்
காசைத் தொண்ணூற்றொன்பது சென்ட்டுக்கு விற்கிறார்,
அனுப்ப ஒன்பது டாலர்.
லாபத்தை டேப்புக்கு அடியில் ஒட்டி அனுப்புகிற ஆள்.
இன்னொருத்தி, அனுப்புவது இலவசம் என்கிறாள்.
அவள் காசைப் பார்த்தேன்,
என்னுடையதைப் போலவே தேய்ந்தது,
விலை மட்டும் ஐந்து டாலர் பருமன்.
அவளிடம் பத்து வாங்குகிறவன்
வராத ஒன்பது கவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறான்.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை.
போன குளிர்காலம், மலிவாகப் போகட்டுமென்று
சாதாரணக் கவரில் ஒற்றைத் தபால்தலை ஒட்டி ஒன்றை அனுப்பினேன்.
தரம்பிரிக்கும் இயந்திரம் கடித்துத் துப்பிவிட்டது.
மெய்ன் மாநிலத்து லூயிஸ்டனிலிருந்து
டெல்ஃபின் திபடோ படம் அனுப்பினாள்:
ஓரத்தில் காசளவு கிழிசல், உள்ளே ஒன்றுமில்லை.
கீழே ஒரே வரி.
"காசு வரவில்லை. கூலி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது."
இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன்.
சிரிப்பு வந்தது, இரண்டு நாள் கழித்து.

அதே டெல்ஃபின் இந்த வாரம் ஏழு காசு வாங்கினாள்,
ராத்திரிக்கு ஒன்றாக. தூக்கம் வராதவள் போலிருக்கிறது.
கணினி ஏழு தடவையும் ஐந்து நாற்பது பிடித்துக்கொண்டது.
முப்பத்தேழு எண்பது.
அவள் கேட்கவில்லை.
கேட்காத பணம் கணக்கில் மூன்று நாள் இருந்தது.
ஹீட்டர் பில் மேசைமேல் இருந்தது.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன்.

நாலாம் நாள் பில்லின் முதுகில் எழுதினேன்.
தபாலுக்கு ஐந்து டாலர் ஐந்து சென்ட்.
கவர் நாற்பது. அட்டையும் உறையும் இருபத்தெட்டு.
டேப்பைச் சாண் போட்டு அளந்தேன், ஏழு என்று வைத்தேன்.
பெட்ரோல் முப்பது,
வழியில் முட்டை வாங்கப் போனதைக் கழித்தபிறகு.
வரிசையில் நிற்கும் அரை மணி?
சலவைக்கடை ராத்திரி வேலையில் அரை மணிக்கு ஆறு டாலர்.
ஆறு என்று எழுதினேன். அடித்தேன்.
கவுன்ட்டர் ரூஜாவோடு
அவள் நாயின் ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பது
வேலையா?
கால் டாலர் என்று எழுதினேன்.
அதையும் அடிக்கப் போய், விட்டுவிட்டேன்.
நிற்பது என் கால்தானே.

மொத்தம் ஆறு முப்பத்தைந்து.
முப்பத்தொன்று நாற்பத்தைந்து
அன்றைக்கே திரும்பிப் போனது.

ஜன்னலுக்கு வெளியே,
மலை இருந்த இடத்தில் தோண்டிய பள்ளம், அதில் புளித்த தண்ணீர்.
1919இன் செம்பு இங்கிருந்துதான் போனதோ என்னவோ.
அப்படியானால் ரயிலேறிப் போய், முகம் பதித்துக்கொண்டு,
நூறு வருஷம் கைமாறி
பள்ளத்தின் விளிம்புக்கே வந்து
என் தராசில் உட்கார்ந்திருக்கிறது.
அந்த வழிச்செலவுக்குப் பில்லின் முதுகில் இடமில்லை.

தபால் நிலையத்தில் ரூஜா கவரை எடை போட்டாள்.
நாய் தேறிவிட்டதாம். கட்டணம் ஏறிவிட்டதாம்.
"பதினொரு சென்ட் குறைகிறது, மில்கா."
கோட்டுப் பையைத் துழாவினேன்.
புதுக் காசுகள். துத்தநாகத்துக்குச் செம்பு முலாம்.
யாரும் சேர்க்காதவை.
பதினொன்று எண்ணிக் கொடுத்தேன்,
ஒவ்வொன்றையும் திருப்பி வருடம் பார்த்த பிறகு.
பின்னால் பனிச்சறுக்குக் கட்டையோடு நின்றவன்
இருமினான்.