மஞ்சள் வட்டம்

கெமித் துறைமுகத்திலிருந்து மூன்று மணிநேரம் தெற்கே
கடல் என்று சொல்ல ஒன்றுமில்லை.
வெள்ளை. அதன்மேல் இன்னும் கொஞ்சம் வெள்ளை.
கண்ணாடியை மாட்டினால்தான் கடல் வருகிறது:
காலடியில் ஆழம் எண்களாக மிதக்கிறது,
நேற்று எங்கள் கப்பல் உடைத்துப்போன வழி
இரவெல்லாம் உறைந்து மூடிய பிறகும்
நீலக் கோடாக அங்கேயே கிடக்கிறது.
பின்சுவர் இரும்பை ஊடுருவிப் பார்த்தால்
எங்களைத் தொடரும் சரக்குக் கப்பல்
ஒரு பச்சைப் பெட்டி. இருநூற்றெண்பது மீட்டர்.

மூன்று பேர் நாங்கள்.
நடுவில் ராவ்னி, கப்பல் அவள் பொறுப்பு.
வலப்புறம் ஓஸ்மோ, சுக்கானும் விசையும் அவன் கையில்.
இடது ஜன்னலில் நான், பார்ப்பது என் வேலை.
ஒருவர் விரல் நீட்டினால்
மூவர் கண்ணிலும் குறி விழும்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
இதைச் சொல்லித்தான் பீற்றிக்கொண்டோம்.
"அதோ அந்தச் சாம்பல் திட்டு, இல்லை, அதற்கும் அப்பால்"
என்று யாரும் யாரிடமும் கத்தத் தேவையில்லை.
அவ்வளவு அமைதி எங்கள் பிரிட்ஜில்.

வியாழக்கிழமை. மைனஸ் இருபத்துநான்கு.
பனிக்குக் கீழே ஒரு முதுகு தெரிந்தது எனக்கு.
காற்று தள்ளித் தள்ளி, பாளத்தின்மேல் பாளம் ஏறி
நாலாள் ஆழத்துக்கு இறுகிய மேடு.
தொட்டேன். மஞ்சள் வட்டம்.
வேலை முடிந்ததென்று
தெர்மஸைத் திறந்தேன்.

ஓஸ்மோ வட்டத்தைப் பார்த்தான்.
அவன் போட்ட பாதை, ஒரு மெல்லிய வெள்ளை நூல்,
மெதுவாக வளைந்து
என் வட்டத்துக்குள் போய் நின்றது.

விலகு என்று வரைந்திருந்தேன்.
வா என்று வாசித்திருந்தான்.
வட்டத்தில் இடம் உண்டு, நிறம் உண்டு,
வினைமுற்று இல்லை.

"அங்கே வேண்டாம்!"
காலையிலிருந்து பேசாத குரல்,
பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.
அதற்குள் எட்டாயிரம் டன் முனகியது.
தெர்மஸ் உருண்டது. வேகம் ஐந்து, மூன்று, ஒன்று.
பச்சைப் பெட்டியின் எண் மட்டும்
குறைந்துகொண்டே வந்தது.
இருநூறு. நூற்றிநாற்பது.
ராவ்னி ரேடியோவை எடுத்தாள்.
"நிறுத்து. நிறுத்து. பின்னால் போ."
முகம் தெரியாத ஒருவனிடம்,
கண்ணாடி இல்லாத ஒருவனிடம்.
அறுபதில் நின்றது.

பிறகு அவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள்.
மூக்கில் சிவந்த இரண்டு தடம்.
திட்டவில்லை.
அவன் பாதை வளைவதை முன்பே எனக்குக் காட்டியதும்
இதே கண்ணாடிதான் என்றேன்.
"காட்டியது. நீ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாய்."
பதிவேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
வட்டம் போட்டால் வாயையும் திற.

இரவு பட்டாணி சூப், அதன்பின் பான்கேக்;
வியாழன் என்றால் எங்கள் ஊரில் அதுதான்.
தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம்.
ஓஸ்மோ வெறும் விரலால் அதைச் சுற்றிக்
காற்றில் ஒரு வட்டம் போட்டான்.
யார் முகத்திலும் கண்ணாடி இல்லை,
மஞ்சளாகத்தான் தெரிந்தது.
"எடுத்துக்கவா, விட்டுடவா?" என்று கேட்டேன்.

யோசித்தான்.