டெக்லனின் தும்மல்

ஏப்ரலில் பதினொரு நாள்
குகநேசன் இருமினார்.
ஒரே அறை, ஒரே போர்வை,
ஷெஃபீல்டின் மேட்டிலிருந்து
ஆளில்லா டிராம்கள் இறங்கும் சத்தம்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
ருசியில்லை என்று அவர் வைத்த ரசத்தையும்
நானே குடித்து முடித்தேன்.

எதிர்ப்பொருள் சோதனை: இல்லை.
இரண்டாம் தரமும் இல்லை.
"அப்ப உனக்குத் தொற்றவே இல்லை" என்றார்,
பக்கத்தில் படுத்தவள்
வேறு யாரோ என்பதுபோல.

ஜூலையில் ஆய்வுக்கென்று எட்டுக் குழாய் இரத்தம்.
பெர்னடெட் இரண்டு தரம் குத்தினாள்,
மூன்று தரம் மன்னிப்புக் கேட்டாள்.

செப்டம்பரில் படம் காட்டினார்கள்.
வெள்ளை வட்டத்துள் நீலப் புள்ளிகள்.
கிருமியின் துண்டொன்றைக் கண்டதும்
'இவனை எனக்குத் தெரியும்' என்று
ஒரு டி செல் கத்திய இடம்
ஒரு புள்ளி.
முப்பத்தேழு வரை எண்ணினேன்.
புள்ளி பெற்றால்தானே எழுத்தும் மெய்.

"எப்போது சந்தித்தன?"
டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.
இந்த ஏப்ரலாக இருக்கலாம்,
எதிர்ப்பொருள் எழுமுன்னே காரியம் முடிந்திருக்கலாம்.
அல்லது ஏதோ பழைய தடிமன்,
இதே குடும்பத்துச் சின்னக் கிருமி, அதே முகவெட்டு.
உறுதியாய்ச் சொல்ல முடியாது.
சிறுபிள்ளைகளோடு பழகுவீர்களா?

பழகுவேனா!
பதினாறு வருடம் நேர்சரியில்
என் சட்டைத் தோள் காய்ந்ததில்லை.
போன வருட மாசியில்
ஷூ லேஸ் கட்டக் குனிந்தவளின் வாய்க்குள்ளேயே
டெக்லன் தும்மினான்.
மூன்று நாள் மூக்கடைப்பு, ஒரு பெட்டி டிஷ்யூ.
அதையெல்லாம் யார் ஞாபகம் வைப்பார்?

நெஞ்செலும்பின் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி.
தன் ஆளையே சுடுகிறவனை
அங்கேயே கழித்துவிட்டு
மற்றவனைத்தான் வெளியே விடுமாம்.
எனக்கு வேறு சில முகாம்கள் நினைவு வந்தன.
சொல்லவில்லை.
இப்போது அது சுருங்கிக் கொழுப்பாயிற்று;
விட்டவை இன்னும் சுற்றுகின்றன.

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?" என்றார் குகநேசன்,
பெட்ரோல் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால்
இருபது வருடம் இரவிருந்தவர்.
டாக்டரைப்போல
நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

நேற்று டிராம் தரிப்பில் டெக்லன்.
பள்ளிக்கூட டை, முன்பல் ஒன்று இல்லை.
தும்மல் வந்ததும்
முழங்கை மடிப்புக்குள் ஒழுங்காய்த் தும்மினான்.
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.
நிமிர்ந்து பார்த்தான்.
என்னை அவனுக்குத் தெரியவில்லை,
மாஸ்க்குக்குள் நான் சிரித்ததும்.