மூன்றாம் லாச்சி

முதல் நாள் தந்த தாளில்
நாற்பத்திரண்டு வரிகள்.
ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு வெற்றுக் கட்டம்.
எனக்குத் தெரியும் என்று
யாராவது கையெழுத்து வைக்க வேண்டும்.

ஒக்சிஜன் சிலிண்டரின் சாவி எங்கே தொங்கும்.
கரண்ட் போனால் யாரை எழுப்புவது.
பிணவறைக்கு எந்த வாசல்.
அவசர ட்ரொலியின் முதல் லாச்சியில் என்ன,
இரண்டாவதில் என்ன,
மூன்றாவதில்?

டிக்கோயாவில் ஜூன் மாதம்
ஜன்னல் என்பது இன்னொரு வெள்ளைச் சுவர்.
என் புதுச் சப்பாத்து
அடிக்கு அடி கீச்சிட்டது.
முகம் பார்க்காமலே பதினோராம் கட்டில் சொல்லும்:
"புது மிஸ்ஸி வருது."
"எந்த ஊரு?" என்று கேட்டவர்களுக்கு
ஹட்டன் என்றேன்.
பொய்யில்லை.
பஸ் அங்கிருந்துதான் ஏறினேன்.

இரண்டாம் நாள்
சிஸ்டர் ரத்நாயக்க சிங்களத்தில் கேட்டதை
தமிழில் நினைத்து
இங்கிலீஷில் தேடி
சிங்களத்தில் சொல்ல வாய் திறந்தபோது
அவர் நாலு கட்டில் தள்ளி நின்றார்.

மூன்றாம் நாள்
லாச்சிகளின் வரிசையை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன்.
தாளின் முதல் வரி: கை கழுவுதல்.
ஏழு படிகள். ஒன்றும் விடவில்லை.
நன்றாகக் கழுவினாய் என்று கையெழுத்துக் கிடைத்தது.
வரிசை நுரையோடு போனது.

"தூக்கத்துல மருந்துப் பேர் சொல்றீங்க"
என்றாள் அறைத்தோழி பர்ஹானா.
"சரியாச் சொன்னேனா?"
"எனக்கென்ன தெரியும், நான் பிரசவ வாட்டு."

ஐந்தாம் நாள், பத்தே முக்கால்.
அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில்
தோட்டத்து லொறி.
ஒன்பது பேர்.
குளவி.

இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை.
கொடுக்கைப் புடுங்கு, தண்ணி குடு,
மகனுக்கு ஒரு போன் போடு.
ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு
இன்னைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று
என்னிடம் கேட்டு அழுதாள்.

சத்தம் போடாதவள் ஒருத்தி இருந்தாள்
சுவரோரம்.
பெயர் கேட்டேன். சிந்தாமணி.
அந்த நாலு எழுத்தும்
ஈரச் சாக்கு கிழிவதுபோல் வந்தன.
உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது.
"ஒண்ணுமில்ல மிஸ்ஸி,
தொண்டைக்குள்ள அட்டை ஏறுற மாதிரி.
மத்தவங்களப் பாருங்க."

எந்த மொழியில் கத்தினேன் என்று
இன்றைக்கும் தெரியாது.
டொக்டர் திரும்பினார்.
ஓடி வந்தார்.
ஒரே ஒரு மருந்தின் பெயர் சொன்னார்.

மூன்றாம் லாச்சி.
இடப்பக்க மூலை.
குப்பியின் கழுத்தை முறித்தேன்,
போஞ்சி ஒடிக்கும் அதே சத்தம்.
அரை மில்லி. தொடையின் வெளிப்பக்கம்.
துணியை விலக்க
பச்சைக் கொழுந்தின் வாசம் எழுந்தது.
கை நடுங்கியிருக்கும்.
பார்க்கவில்லை.

பிறகு அவள் விரலில் மாட்டிய கிளிப்பையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.
எண்பத்தாறு.
எண்பத்தாறு.
என்ன இது, எண்பத்தைந்து.
எண்பத்தொன்பது.
வெளியே யாரோ லொறியைப் பின்னுக்கு எடுத்தார்கள்.
தொண்ணூற்று நாலு.
அவள் கண் திறந்து
என் முகத்தை, பெயர்ப் பட்டியை,
மறுபடி முகத்தைப் பார்த்தாள்.
"மிஸ்ஸி, நீங்க எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.
டிவிஷனையும்.
லயத்து இலக்கத்தையும்.
"அட, என் நாத்தனாரு வாக்கப்பட்ட எடம்"
என்றாள், ஒக்சிஜன் மூடிக்குள்ளிருந்து.

மாலை, சிஸ்டர் தாளை வாங்கி
இருபத்தேழாம் வரியில்
ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார்.
பத்தொன்பதாம் வரிக்கு வந்ததும்
ஆறாம் கட்டிலைக் காட்டினார்.
விரிப்பின் மூலை மடிப்பு
இன்னும் சரியில்லை.
திரும்பச் செய்யச் சொன்னார்.
செய்தேன்.

அதுவும் சரியில்லை.

மறுபடி மெத்தையைத் தூக்கும்போது
சிற்றூழியர் ஒருவர் எட்டிப் பார்த்து
ஒக்சிஜன் சாவியைத் தேடினார்.
யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.
கதவுக்குப் பின்னால், ஆணியில், என்றேன்
விரிப்பை விடாமல்.