ரெண்டு இஞ்சு

இட்டேரி நடுவில் இருக்கிற கல்லை
நான் தொடக் கூடாது.
பங்காளி தெய்வசிகாமணியும் தொடக் கூடாது.
தாராபுரம் கோர்ட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
வண்டியின் அடிவயிறு தொடலாமா என்பதைப் பற்றி
உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

ஆறு வருசம் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.
போகும்போது ஒரு டணக்
வரும்போது ஒரு டணக்.
கல்லின் உச்சந்தலையில்
என் பொலிரோவின் ஆயில்,
அவன் டவேராவின் துரு.

கல்லை இறக்க முடியாவிட்டால்
வண்டியை ஏற்ற வேண்டியதுதானே.

கம்பெனி சாமான் முப்பத்தெட்டாயிரம் என்றார்கள்.
முருங்கைக்காய் கிலோ ஆறு ரூபாய்க்குப் போன மாசம் அது.
கணபதியில் லேத் வைத்திருக்கிற ஜெயசீலன்
பம்பு வேலையில் மிஞ்சிய அலுமினியத்தை
உருட்டிப் பார்த்தார்.
கடையக் கடைய
சுருள் சுருளாய் அவர் செருப்பில் உதிர்ந்தது வெள்ளி.
கடைசியில் ரெண்டு உளுந்து வடை.

"முன்னாடி ஸ்பிரிங்குக்கு மேல இத வச்சா
ரெண்டு இஞ்சு ஏறுமுங்க.
பின்னாடி பட்டையில ஒரு தகடு சேத்துக்குங்க.
அதுக்கு மேல ஆசப்பட்டா
ஆக்சில் கோவிச்சுக்கும்."
ஆயிரத்து எண்ணூறு.
பில்லு நான் கேட்கவில்லை, அவர் தரவுமில்லை.

இருநூத்திப் பதினஞ்சு டயரைக் கழற்றி
இருநூத்தி முப்பத்தஞ்சு.
வெள்ளகோயில் பைபாசில் பாதி தேய்ந்த நாலு.
ஸ்டெப்னி மட்டும் பழசே,
குள்ளமாய், பின்கதவில்.

வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து
ஏணி எங்கே என்றார்.
ஒரு கையில் சேலையைப் பிடித்து
ஒரே எட்டில் ஏறிப் பழக
எனக்கு மூன்று நாள்.

முதல் நாள் கல்லைத் தாண்டியபோது
சத்தமே இல்லை.
எதையோ மறந்துவிட்டு வந்தது போல
கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன்.

மூலனூர் முக்கில் முழுசாக ஒடித்தபோதுதான்
கர்ர்ர்.
ரப்பர் பிளாஸ்டிக்கைத் தின்கிற சத்தம்.
ஆக்சா பிளேடால் உள்தட்டை அறுத்தேன்,
தகர விளிம்பைச் சுத்தியலால் மடக்கினேன்.
அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மாசக் கடைசியில் இன்னொன்று.
கோழிக் கம்பெனிக்கு வாடகை ஓட்டுகிறேன்,
கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய்.
அதே பண்ணைகள், அதே சூப்பர்வைசர்,
அதே டீக்கடையில் அதே நிறுத்தம்,
ஆனாலும் நூற்றி இருபது கிலோமீட்டரைக் காணோம்.
விளக்கைப் போட்டுக்கொண்டு
ராத்திரி பதினோரு மணிக்கு டேப் வைத்து அளந்தேன்.
பெரிய சக்கரம் குறைவாய்ச் சுற்றுகிறது.
மீட்டருக்குச் சுற்று தெரியும்,
தரை தெரியாது.
நூறு போனால் தொண்ணூத்தாறு என்று
சத்தியம் செய்கிறது.

மாசா மாசம்
ஏறக்குறைய ரெண்டு வடையின் விலை
ரோட்டிலேயே கரைகிறது.

மார்கழியில் ஒரு சாயங்காலம்
தெய்வசிகாமணி வந்தான்.
கோர்ட்டு வராந்தாவைத் தவிர
வேறெங்கும் அவனைப் பக்கத்தில் பார்த்ததில்லை.
குந்த வைத்து உட்கார்ந்து
வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தான்.
"எங்க போட்டது?"
வண்டியைத்தான் கேட்டான்.
"கணபதியில" என்றேன்
நானும் வண்டியைப் பார்த்து.
லேத்து, தகடு, டயர்க் கடை, பேரம்
எல்லாம் சொன்னேன்.
மீட்டரைச் சொல்லவில்லை.
பிளாஸ்டிக் அறுத்ததையும் சொல்லவில்லை.

தை பிறந்து நாலாம் நாள்
கல்லுக்கு அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் நான்.
ரெண்டு பக்கமும் கிளுவை வேலி.
ஏற்றிய விளக்குகள் நேராய்
ஒருவர் கண்ணில் ஒருவர்.
இஞ்சின் ரெண்டும் ஓடிக்கொண்டே இருந்தன.
டீசல் யார் வீட்டுக் காசு என்று
ரெண்டு பேரும் யோசித்திருப்போம்.

கடைசியில் ஒருத்தர் ரிவர்ஸ் போட்டோம்.
வேலியோரம் ஒடிக்கையில்
கர்ர்ர் என்று ஒரு டயர் உரசியது.

என்னுடையது இல்லை.