இரண்டாவது இரண்டு மணி

அக்டோபர் பட்டியலை முடித்தபோது
திரை முழுக்கப் பச்சை.
பதினான்கு பேர், முப்பத்தொரு நாள்,
ஒரு சிவப்புக் கட்டம் இல்லை.
ஒந்த்ரேய்க்குப் புதன் இரவு ஆகாது,
மகனுக்கு ஹாக்கிப் பயிற்சி.
இலோன்காவும் ஸ்தென்காவும் ஒரே இரவில் நின்றால்
வார்டில் கதவுகள் கொஞ்சம் பலமாய்ச் சாத்தும்.
அதைச் சொல்ல மென்பொருளில் பெட்டி இல்லை.
'திறன் பொருந்தவில்லை' என்று பொய் பதிந்தேன்,
உடனே நம்பியது.

கோஷித்சேயில் அக்டோபர்க் கடைசி ஞாயிறு
கடிகாரம் மூன்றைத் தொட்டு இரண்டுக்குத் திரும்பும்.
ஊர் அதைத் தூக்கத்தில் வாங்கிக்கொள்ளும்.
மூன்றாம் மாடியில் நாங்கள் மட்டும்
அந்த மணியை
இரண்டு தடவை நின்று கழிப்போம்.

திங்கள் காலை ஸ்தென்கா வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"பதிமூன்று மணி நேரம் நின்றேன்,
பன்னிரண்டு என்கிறது."
திருத்தப் போனேன்.
'இந்த நேரம் ஏற்கெனவே உள்ளது' என்றது திரை.
உள்ளதுதான்.
அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்.

உதவி எண்ணில் ஒரு பையன்,
பிர்னோவிலிருந்து, இருமிக்கொண்டே:
வருஷத்தில் ஒரு ராத்திரிதானே அம்மா,
குறிப்பில் எழுதிவிடுங்கள்,
நாற்பது எழுத்துக்குள்.
அவள் குடும்பப் பெயரே பத்தைத் தின்றது.

பிறகுதான் ஏழாம் அறைத் தாளைத் திறந்தேன்.
கேய்சா பார்த்கோ, எண்பத்தொன்று,
டிராம் ஓட்டியவர்.
படுக்கையிலும் இடது கை
இல்லாத ஒரு பிடியைத் திருப்பியபடி இருக்கும்.

இரண்டு நாற்பது: உயிர் பிரிந்தது.
இரண்டு ஐம்பது: தண்ணீர் கேட்டார், மூன்று மடக்கு குடித்தார்.
இரண்டு ஐம்பத்தைந்து: வெளியே மழையா என்றார்.

ஸ்தென்கா எதையும் தவறாக எழுதவில்லை.
முதல் இரண்டு ஐம்பதில் குடித்தார்,
இரண்டாம் இரண்டு நாற்பதில் போனார்.
மென்பொருள் எண்களை அடுக்கியது, அவ்வளவே.

'வரிசைப் பிழை. சரிசெய்யவா?'
மஞ்சளில் ஒரு பொத்தான்.
அழுத்தினால் தண்ணீரை அழிக்கும், மழையையும்.
இல்லையென்றால் சாவை ஒரு மணி தள்ளி வைக்கும்;
டாக்டர் போட்ட கையெழுத்து அதற்கு இடம் தராது.
'பிறகு நினைவூட்டு' என்றேன்.
மறுநாளும் கேட்டது.
மறுநாளும் அதையே சொன்னேன்.

காகிதம் வாங்க மகள் வந்தாள்.
கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கென்று வாங்கிய
செவ்வந்தித் தொட்டி ஒரு கையில்;
இன்னொன்று வாங்க வேண்டும், இனி விலை ஏறிவிடும் என்றாள்.
எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
இரண்டு நாற்பது.
"அப்போது விழித்திருந்தேனே,
சமையலறைக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க எழுந்தேன்."
திருப்புவதற்கு முன்பா, பின்பா என்று
நான் கேட்கவில்லை.
மழை பற்றிக் கேட்டாராம் என்றேன்.
பெய்ததா என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் பட்டியலில் ஒரு வெள்ளி விடியலில்
ஸ்தென்காவை ஆறுக்குப் பதில் ஐந்துக்கே விடுவித்தேன்.
கட்டம் சிவந்தது.
அந்த ஒரு மணிக்கு என் பெயரைப் போட்டேன்.
தலைமைச் செவிலி, இரவுப் பணி, தகுதி உண்டா
என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப்
பச்சையானது.

வெள்ளி. முதல் டிராம், ஜன்னலில் உறைபனி.
ஒந்த்ரேய் கண்ணைத் தேய்த்துக்கொண்டு
நீங்களா என்றான்.
ஸ்தென்கா ஒன்றும் சொல்லவில்லை,
போகும்போது கதவை
மெதுவாகச் சாத்தினாள்.
ஏழாம் அறையில் புதியவர் மணி அடித்தார்:
குழாய் சொட்டுகிறது, தூக்கம் வரவில்லை.
போய் இறுக்கினேன்.
நின்றது மாதிரி இருந்தது.
வாசல்வரை வந்தேன்,
மறுபடி ஒரு சொட்டு.