ஏல எண் பதினேழு

பட்டு வளர்ச்சித் துறையின் பின்வாசலில்
பானெட் முழுக்க வேப்பம்பூவோடு நின்றது ஜிப்ஸி.
மூன்று டயரில் காற்றில்லை,
நான்காவது டயரே இல்லை.
எழுபத்திரண்டாயிரம் என்று
கை தூக்கியவள் நான் ஒருத்திதான்.
அறுபதோடு நிறுத்திக்கொண்ட இரும்புக்கடை சலாமத் பாய்
பரிதாபமாகப் பார்த்தார்,
என்னையா வண்டியையா தெரியவில்லை.

ராயக்கோட்டை ரோட்டில் நயாஸ் ஷெட்டுக்கு
டெம்போவில் கட்டி இழுத்துவந்தோம்.
"தொண்ணூத்தாறு மாடல்க்கா. எஞ்சின் பிழைச்சுக்கும்.
தரைதான் இல்ல."
மேட்டை உரித்தால் நிஜமாகவே இல்லை.
டிரைவர் கால் வைக்கும் இடத்தில்
ஷெட்டின் சிமெண்டும்
ஓர் எறும்பு வரிசையும் தெரிந்தன.

மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
சீசன் போனஸ் அப்படியே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போனது.
ஆடி மாதச் சம்பளம்
முன் அச்சின் இரண்டு முட்டிக்கும் சீல், கிங்பின் பேரிங்.
இதில் எங்கே போகப்போகிறாய் என்றார் வீட்டுக்காரர்.
எங்கேயும் இல்லை என்றேன்.
ரோடு இல்லாத இடத்தை
வேறெப்படிச் சொல்வது?

லீஃப் கட்டுகளை அச்சுக்கு அடியிலிருந்து
அச்சின் மேலே ஏற்றினோம்.
வண்டி ஐந்து அங்குலம் வளர்ந்தது,
முழுப்பரீட்சை லீவில் பையன்கள் வளர்வதுபோல
கால் மட்டும்.
வெல்டர் திம்மராயன்
குவாரி கம்ப்ரஸர் பைப்பை வளைத்து பம்பர் செய்தான்.
போர்வெல் பைப், இரண்டு எல்போ, கறுப்புப் பெயிண்ட்:
மூச்சுக்குழாய் ஆயிற்று.
பெரிய டயர் மாட்டியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.
நானும்தான்.

பர்கூர் தாண்டி, கல் எடுத்துவிட்டு விட்டுப்போன குவாரி.
ராட்சசன் ஏறத் தோதாய்
கறுப்புக் கல்லில் படி படியாக வெட்டு.
இரண்டாம் படியில் இடது முன்சக்கரம்
வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டது.
பிறகு அவசரமே இல்லாமல்,
அசைபோடும் மாடு படுப்பதுபோல
வண்டி பக்கவாட்டில் படுத்தது.

பெல்ட்டில் தொங்கினேன்.
முழங்கையில் கல் சுட்டது. பெட்ரோல் வாசனை.
சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு
கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
ஆடு மேய்த்த இரண்டு பேர்
எதுவும் கேட்காமல் வந்து தோள் கொடுத்தார்கள்.
நயாஸ், நான். நாலு பேர் போதுமாயிருந்தது.
அத்தனை லேசான உடம்பு அதற்கு.

மறுவாரம் எல்லாம் இறங்கியது.
லீஃப் பழைய இடத்துக்கே போனது,
கட்டுக்கு ஒரு பட்டை உருவப்பட்டு.
ஷாக்கிள் மட்டும் நீளம், அங்குலம் ஒன்றரை.
பெரிய டயரை வாங்கிய ஓசூர்ப் பையன்
ஏன் கொடுக்கிறீங்க என்றான்.
"அக்காவுக்கு உயரம்னா பயம்" என்றான் நயாஸ்.
நான் மறுக்கவில்லை. நல்ல விலை தந்தான்.

எல்லாச் சத்தமும் அடங்கியபின்
மிச்சமிருந்தது ஒரு டக் டக்.
இடது கதவு.
பேனலைக் கழற்றினால் பத்தாம் நம்பர் ஸ்பேனர்,
பக்கத்தில் ஒரு பட்டுக்கூடு, மஞ்சளாகிப் போய்.
ஸ்பேனரை நயாஸ் எடுத்துக்கொண்டான், நல்ல இரும்பாம்.
கூட்டைக் காதருகே குலுக்கினேன்.
உள்ளே காய்ந்தது எதுவோ தட்டியது.
திரும்ப வைத்துப் பேனலை மூடினேன்.
இருக்கைகள் எட்டு என்றுதானே ஆர்.சி. புத்தகம் சொல்கிறது.

அதே குவாரி. டயர் காற்றைப் பதினாறுக்கு இறக்கி,
குனிந்து இரண்டு ஹப்பையும் கையால் பூட்டி,
குட்டைக் கம்பியை லோவுக்கு இழுத்து
கிளட்சை விட்டேன்.
ஆக்ஸிலரேட்டரில் காலே இல்லை.
ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டு ஏறியது,
இருட்டில் வீட்டுக்குள் நடப்பவளைப் போல.

மூன்றாம் படியில் நின்றது.
தூரத்து ஹைவேயில் லாரிகள்,
எல்லாவற்றுக்கும் போக ஓர் ஊர் இருந்தது.
தண்ணீர் குடித்தேன்.

இறங்குவதுதான் கஷ்டம் என்பதை
நயாஸ் அதுவரை சொல்லியிருக்கவில்லை.