மிச்சம் ஏழு

கொருக்குப்பேட்டையில் மாவு மில்லுக்கு மேல்மாடி
எங்கள் ஆராய்ச்சி நிலையம்.
கீழே மிளகாய் அரைபடும் நாட்களில்
மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடியே தும்முவேன்.
யாரோ ஓர் அறக்கட்டளை, மூன்று வருடப் பணம்,
அறுபது பிள்ளைகள், ஒரே கேள்வி:
மலிவான மாத்திரை, குறைந்த அளவு,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் இரத்தப் பரிசோதனை
இவ்வளவு போதுமா?

போதுமா என்று கேட்பதற்கே
பதினாறு பக்கச் சம்மதப் படிவம்.
குந்தலா மாஜியின் அப்பா கைநாட்டு வைத்தார்.
மணலியில் வெல்டிங் முடித்து வந்த கட்டைவிரல்.
ரேகை விழவில்லை. மூன்று முறை வைத்தோம்.

குந்தலாவுக்குப் பதினான்கு.
காலாஹாண்டியில் பிறந்து எர்ணாவூரில் பேசக் கற்றவள்.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றேன்.
"இன்னாக்கா, வலியப் போயி நம்பர்ல கேக்குற?
ரயில்வே கேட் போட்டுட்டான்னு வை.
ஒரு கூட்ஸ் போவும். தொறப்பான்னு பாப்ப.
எதுர்ல இன்னொன்னு வரும்.
அந்த மாதிரிக்கா."
கட்டத்தில் எட்டு என்று எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலால், கேட்.

கண்ணாடித் தகட்டில் அவள் இரத்தம்.
அரிவாள் என்று இதற்குப் பெயர் வைத்தவர்
அறுவடை பார்த்திருப்பார்.
நான் பார்த்தது காசிமேட்டுச் சிமெண்டுத் தரையில்
வெயிலுக்கு வளைந்து கிடக்கும் நெத்திலி.
இந்த நெத்திலிகள்தாம் மூட்டில் போய் அடைத்துக்கொள்கின்றன.
போன வருடம் ஒன்பது முறை
கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.
பள்ளிக்கூடத்து பி.டி. சார் நடிப்பு என்றாராம்.

மாதம் முப்பத்தைந்து மாத்திரை கொடுப்போம்.
இருபத்தெட்டாம் நாள் டப்பா திரும்பி வரும்.
மிச்சம் ஏழு இருக்க வேண்டும்.
சிலர் டப்பாவில் பதினெட்டு இருக்கும்,
சிலரிடம் டப்பாவே இருக்காது.
குந்தலாவிடம் ஏழு.
அடுத்த மாதமும் ஏழு.
அதற்கடுத்த மாதமும்.
அறுபதில் சுத்தமான கணக்கு அவளுடையது.

மூன்றாம் மாதம் இரத்தம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
ஏற வேண்டியது ஏறவில்லை.
மெஷினைச் சந்தேகப்பட்டுத் திரும்ப ஓட்டினேன்.
மெஷின் சரி.

ரபி. தம்பி. ஆறு வயது.
அவனுக்கும் இதுதான் என்று சொன்னதே
எங்கள் பரிசோதனைதான்,
பட்டியல் அறுபதோடு நிரம்பிய மறுநாள்.
"ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவனுக்கு.
கணக்குல தப்பு வரலியேக்கா?"
வரவில்லை.

அவள் எடைக்கு எழுதிய மாத்திரை.
கை நடுங்க அவன் விரலைக் குத்தி
வெள்ளணுக்களை எண்ணினேன்.
தப்பித்திருந்தான்.
குத்தியதற்கு ஒரு மிட்டாய் கேட்டான்,
அக்காவுக்கும் ஒன்று கேட்டான்.

படிவம் பதினொன்று: விதிமீறல்.
காரணம் எழுத ஒரு வரி இடம்.
பங்கேற்பாளர் மருந்தைப் பகிர்ந்துகொண்டார் என்று தொடங்கி
அடித்துவிட்டுத்
தம்பி என்று எழுதினேன்.

டாக்டர் பெர்னதெத் அதை வாசித்துவிட்டு
ரொம்ப நேரம் பேசவில்லை.
கீழே யாருடைய கோதுமையோ அரைந்துகொண்டிருந்தது.
விதிப்படி அவளை எடுத்துவிட வேண்டும்.
"அறுபத்தொண்ணுன்னு ஒரு ஃபைல் போட்டு வை.
கேட்டுப் பாக்குறேன்" என்றார்.
மார்ச்சோடு பணம் முடிகிறது என்பது
அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் மூவரும் ஒன்றாய் இறங்கினோம்.
கேட் போட்டிருந்தது.
மீன்பாடி வண்டிக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் நின்று
ரபி பெட்டிகளை எண்ணினான்,
தமிழில் இருபதுவரை, பிறகு ஒடியாவில்.
கடைசிப் பெட்டி போனதும்
எல்லா வண்டியும் உறுமிக் கிளம்பத் தயாரானது.
குந்தலா மட்டும் அசையவில்லை.
எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.